90 நாளுக்கு அனுப்பிய ரோவர் 14 ஆண்டு ஓடியது எப்படி? தூசி துடைக்க ஒரு வைப்பர் ஏன் இல்லை?

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. 90 செவ்வாய் நாள்களுக்கென்று அனுப்பிய ஆப்பர்சூனிட்டி ரோவர் 2004 ஜனவரி முதல் 2018 ஜூன் வரை ஓடியது எப்படி என்பது ஒன்று. சோலார் பேனலில் தூசி படிவதுதான் இந்த ரோவர்களுக்கு எமன் என்றால், கார் கண்ணாடிக்கு இருக்கும் வைப்பர்போல ஒன்றை வைத்து அனுப்பியிருக்கலாமே என்பது மற்றொன்று.

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. சோலார் ரோவர் பகலில் ஓட மின்சாரம் இல்லாமல் செத்துப்போவது அரிது. ஓடாமல் நிறுத்திவைத்துவிடலாமே. அது சாவது இரவில், குளிரில். தூசி, பருவகாலம், நிற்கும் இடத்தின் சரிவு, பேட்டரியின் வயது எல்லாம் சேர்ந்து "இன்றிரவு ஹீட்டருக்கு எவ்வளவு மிச்சம்" என்ற ஒரே கணக்கில் வந்து முடியும். அந்தக் கணக்கை முதலில் போட்டுவிடுவோம்.

பூமிக்கு வெளியே சூரிய ஒளி சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட். செவ்வாயில் சராசரி 590 வாட்தான். அதன் சுற்றுப்பாதை நன்றாகவே நீள்வட்டம் என்பதால், சூரியனுக்கு அருகில் வரும்போது 715 வாட்டுக்கும் தொலைவில் போகும்போது 490 வாட்டுக்கும் இடையில் ஊசலாடும். ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஆகிய இரட்டை ரோவர்களின் பேனல் பரப்பு ஏறக்குறைய 1.3 சதுர மீட்டர். மூன்று அடுக்குச் செல்கள். அன்றைக்குக் கிடைத்ததில் தரமானவை. தரையிறங்கிய புதிதில், பேனல் சுத்தமாக இருந்தபோது, ஒரு சோலுக்கு 900 வாட்-மணி அளவில் கிடைத்தது. சோல் என்பது செவ்வாயின் ஒரு நாள், 24 மணி 39 நிமிடம் 35 வினாடி. நம் வீட்டு மீட்டர் கணக்கில் 900 வாட்-மணி ஒரு யூனிட்டுக்கும் குறைவு. 180 கிலோ எடையுள்ள ஆறு சக்கர வண்டி, கேமராக்கள், நிறமாலைமானிகள், ரேடியோ, கம்ப்யூட்டர், ஹீட்டர் அத்தனையும் இந்த ஒரு யூனிட்டுக்குள் வாழ வேண்டும்.

உச்சி வேளையில் பேனல் தருவது 140 வாட். வண்டியை ஓட்டவே 100 வாட் வேண்டும். இரண்டு மணி நேரம் ஓட்டினால் 200 வாட்-மணி காலி. கம்ப்யூட்டர் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் செலவு. அதனால் இந்த ரோவர்கள் ஒரு சோலின் பெரும்பகுதி தூங்கிக்கொண்டுதான் இருந்தன. காலையில் எழுந்து அன்றைய கட்டளைகளை வாங்கி, நடுப்பகலில் வேலை பார்த்து, மாலையில் மேலே கடந்துபோகும் விண்கலத்துக்குத் தரவை ஒப்படைத்துவிட்டு மீண்டும் தூக்கம்.

இனி இரவு. வெளியே வெப்பநிலை −90 டிகிரி, சில இடங்களில் அதற்கும் கீழே. ரோவரின் வயிற்றுக்குள் இருக்கும் மின்னணுப் பெட்டி −40 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. பேட்டரி இன்னும் நோஞ்சான், −20க்குக் கீழே தாங்காது. லித்தியம்-அயன் பேட்டரியைக் கடுங்குளிரில் சார்ஜ் செய்தால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். போன கொள்ளளவு திரும்ப வராது. ஊசிபோல வளர்ந்து ஷார்ட் ஆகவும் வழியுண்டு. ஆகவே பெட்டியின் சுவர்களில் ஏரோஜெல் என்ற மிக லேசான வெப்பக் காப்பு, மேலே தங்கப் பூச்சு, உள்ளே எட்டுக் கதிரியக்க ஹீட்டர்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம் இந்த எட்டு ஹீட்டர்கள்தான். "சூரிய சக்தியில் ஓடும் ரோவர்" என்று சொல்கிறோமே தவிர, ஸ்பிரிட்டும் ஆப்பர்சூனிட்டியும் முழுக்கச் சூரியனை நம்பி வாழவில்லை. ஒவ்வொரு ஹீட்டரிலும் 2.7 கிராம் புளூட்டோனியம்-238 டை ஆக்சைடு, ஒவ்வொன்றும் 1 வாட் வெப்பம். எட்டு வாட் என்றால் சிரிப்பு வரலாம். பெருக்கிப் பாருங்கள்: 8 வாட் × 24.66 மணி = 197 வாட்-மணி, ஒவ்வொரு சோலும், சுவிட்ச் இல்லாமல், கம்பி இல்லாமல், புயலிலும் இருட்டிலும். 2007 ஜூலை 18 அன்று தூசிப் புயலின் நடுவே ஆப்பர்சூனிட்டியின் பேனல் அந்த சோல் முழுவதற்கும் தந்தது 128 வாட்-மணி. சூரியன் கொடுத்ததைவிட அந்த எட்டுக் குப்பிகள் அன்றைக்கு அதிகம் கொடுத்தன. புளூட்டோனியம்-238இன் அரை ஆயுள் 87.7 ஆண்டு என்பதால் 14 ஆண்டு கழித்தும் ஏறக்குறைய 7 வாட் மிச்சம் இருந்திருக்கும். ஆயுள் ரகசியம் என்று எதையாவது சுட்டிக்காட்டச் சொன்னால் நான் பேனலுக்கு முன் இதைத்தான் காட்டுவேன்.

ஹீட்டர் எப்படிக் கழுத்தை அறுக்கும் என்பதற்கும் ஆப்பர்சூனிட்டியே உதாரணம். தரையிறங்கியதிலிருந்தே அதன் இயந்திரக் கையின் தோள் மூட்டில் இருந்த மின்ஹீட்டர் அணையவில்லை. சுவிட்ச் 'ஆன்' நிலையில் சிக்கிக்கொண்டது. பகல் வெயிலில் தெர்மோஸ்டாட் அதை நிறுத்திவிடும். இரவில்தான் வினை: விடியும்வரை பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆளில்லாத இடத்தில் சுவிட்சை யார் தட்டுவது? பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி 'ஆழ்துயில்': இரவில் பேட்டரியையே மற்ற சுற்றுகளிலிருந்து துண்டித்துவிடுவது, காலையில் பேனலில் வெயில் விழுந்ததும் மீண்டும் இணைப்பது. இதற்கு விலையும் உண்டு. அகச்சிவப்பு நிறமாலைமானிக்குத் தனியாக ஒரு பாதுகாப்பு ஹீட்டர். ஆழ்துயிலில் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். கருவி போனால் போகட்டும் என்று தெரிந்தே துணிந்தார்கள். கருவி எதிர்பார்த்ததைவிட அதிக காலம் தாக்குப்பிடித்தது. தோள் மூட்டின் மோட்டார்தான் 2005 நவம்பரில் திணறி நின்றது. சிக்கிய ஹீட்டரால் அந்த மூட்டு மட்டும் தினமும் கூடுதலாகச் சூடேறிக் குளிர்ந்ததே காரணமாக இருக்கலாம்.

இரவில் தூங்க முடியாமல் போனாலும் இதே கதிதான். 2004 ஜனவரி 21, ஸ்பிரிட்டின் 18ஆவது சோல். ஃபிளாஷ் மெமரியில் கோப்புகள் மிதமிஞ்சிச் சேர்ந்து, அவற்றின் பட்டியலை ஏற்றவே கம்ப்யூட்டரின் நினைவகம் போதவில்லை. ரீபூட், மறுபடி ரீபூட், மறுபடியும். அறுபதுக்கும் மேற்பட்ட முறை. சாஃப்ட்வேர் கோளாறுதானே என்று விட முடியாது, ஏனென்றால் ரீபூட் சுழலில் இருக்கும் ரோவர் தூங்கப் போகாது; இரவெல்லாம் விழித்திருந்து பேட்டரியைக் காலி செய்யும். ஃபிளாஷைத் தொடாமல் எழும்படி கட்டளை அனுப்பித்தான் காப்பாற்றினார்கள்.

இப்போது தூசிக்கு வருவோம். 1997இல் இறங்கிய சோஜர்னர் ரோவரில் இதற்கென்றே ஒரு சிறு சோதனை இருந்தது. ஒரு சோலார் செல்லின் மேல் கண்ணாடியை நகர்த்தி, கண்ணாடி இருக்கும்போதும் இல்லாதபோதும் மின்னோட்டத்தை அளந்தார்கள். கிடைத்த விடை: ஒரு சோலுக்கு 0.28 சதவீத இழப்பு. இதை அப்படியே 90 சோலுக்கு நீட்டினால் 22 சதவீதம் போய், 900 வாட்-மணி 700 ஆகும். இரட்டை ரோவர்களின் 90 சோல் திட்டமும் கிட்டத்தட்ட இந்த வகைக் கணக்கில் பிறந்ததுதான். கட்டுமானம் 90 நாளில் உடைந்துவிடும் என்பதல்ல. அதற்குப் பிறகு மின்சாரம் போதும் என்று யாராலும் உறுதி கொடுக்க முடியவில்லை.

கணக்கில் வராதது காற்று. 2005 மார்ச்சில் ஒரு நாள் ஸ்பிரிட்டின் பேனல் திறன், புதியதில் 60 சதவீதமாக இருந்தது, திடீரென்று 93 சதவீதத்துக்கு ஏறியது. தூசிச் சுழலோ பலத்த காற்றோ வந்து ஊதிவிட்டுப் போயிருந்தது. ஆப்பர்சூனிட்டிக்கு எண்டெவர் பள்ளத்தின் விளிம்பில் ஏறி நின்றபோது இந்தக் கொடை அடிக்கடி கிடைத்தது. பொறியாளர்கள் இதை 'தூசிக் காரணி' என்ற ஓர் எண்ணாகப் பதிவு செய்வார்கள். 1.0 என்றால் பளிச்சென்ற பேனல், 0.5 என்றால் வரும் ஒளியில் பாதிதான் செல்லைத் தொடுகிறது. அதனுடன் வளிமண்டலத்தில் மிதக்கும் தூசியின் அளவான 'டௌ'வும், அன்றைய வாட்-மணியும். இந்த மூன்று எண்களையும் பார்த்தால் ரோவரின் நாடி தெரிந்துவிடும்.

சரி, வைப்பர்? முதல் தடை, செவ்வாய்த் தூசி சில மைக்ரான் அளவுள்ள பொடி. ஈரமே இல்லாத காற்றில் உராய்ந்து மின்னூட்டம் ஏறி ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் இல்லாமல் ரப்பர் பட்டையால் தேய்த்தால் பாதி நகரும், மீதி கண்ணாடியில் கீறலாகும். இரண்டாவது, பேனல் என்று நாம் சொல்வது ஒரே சமதளப் பலகை இல்லை. கேமராத் தூண், ஆன்டெனாக்கள், விரியும் மடிப்புகள் என்று இடையூறுகள் நிறைந்த மேல்தளம் அது. எல்லா இடத்துக்கும் எட்ட ஒரு வைப்பர் போதாது.

மூன்றாவதுதான் என் பார்வையில் தீர்ப்பு. வைப்பருக்கு மோட்டார் வேண்டும், மோட்டாருக்குப் பல்சக்கரமும் கிரீஸும் வேண்டும், உறைந்த கிரீஸை இளக்காமல் அசைத்தால் மோட்டார் கெடும், ஆகவே அதற்கும் ஒரு ஹீட்டர் வேண்டும். துடைத்து மீட்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு துடைப்பானைச் சூடேற்றவே போகும். பாதியில் நின்றுபோன வைப்பர் கை பேனலின் மேல் நிழல் வீழ்த்தும்; தொடராக இணைத்த செல்வரிசையில் ஒரு செல் நிழலில் இருந்தால் வரிசை முழுவதும் அடிவாங்கும். இவ்வளவு எடைக்கும் ஆபத்துக்கும் பதிலாக அதே கிலோவைக் கூடுதல் பேனலுக்கோ பேட்டரிக்கோ கொடுத்தால் 90 சோல் திட்டத்துக்கு லாபம் நிச்சயம். பொறியாளர் யாரும் மறந்துபோய் வைப்பர் வைக்காமல் விடவில்லை.

வேறு வழிகளை முயன்றும் பார்த்திருக்கிறார்கள். 2018 நவம்பரில் செவ்வாயில் இறங்கி, நகராமல் ஒரே இடத்தில் நின்ற இன்சைட் லேண்டரின் கதை பரிதாபம். 2.15 மீட்டர் விட்டமுள்ள இரண்டு வட்டப் பேனல்கள், ஆரம்பத்தில் ஒரு சோலுக்கு ஏறக்குறைய 5,000 வாட்-மணி. அது நின்ற இடத்தில் காற்று வந்து துடைத்துவிடவில்லை. 2022 வசந்தத்தில் 500க்கு இறங்கிவிட்டது. அதற்கு முன்பே பேனல் விரிக்கும் மோட்டார்களைத் துடிக்கவிட்டு உதறிப் பார்த்தார்கள், பலனில்லை. பிறகு வந்த யோசனை முதலில் கேட்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும்: தூசியைப் போக்க மண்ணை அள்ளிப் போடுவது. 2021 மே 22 அன்று, காற்று நன்றாக வீசும் நண்பகலில், இயந்திரக் கையின் சிறு அகப்பையால் மணலை அள்ளி பேனலுக்கு அருகே மெல்லச் சிந்தினார்கள். பருமனான மணல்துகள்கள் காற்றோடு பேனலின் மேல் துள்ளிப் போகும்போது மோதி, நுண்தூசியைக் கிளப்பிக்கொண்டு போயின. லாபம் சோலுக்கு 30 வாட்-மணி. அந்த நிலையில் அதுவே பெரிது. பிறகும் சில முறை செய்தார்கள். கடைசித் தொடர்பு 2022 டிசம்பர் 15.

இன்னொரு வழி மின்புலத் தூசி விரட்டி. கண்ணாடிக்குள் மெல்லிய மின்முனைகளைப் பதித்து, மாறி மாறி உயர் மின்னழுத்தம் கொடுத்தால், மின்னூட்டமுள்ள துகள்கள் அலைபோல ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு விழும். நகரும் பாகம் எதுவும் இல்லை. 2025 மார்ச்சில் நிலவில் இறங்கிய ப்ளூ கோஸ்ட் லேண்டரில் நாசா இதைச் சோதித்தது, வேலை செய்தது. செவ்வாயில் ஒரு சிக்கல் கூடுதல். நிலவில் வெற்றிடம், செவ்வாயில் 6 மில்லிபார் அளவுக்கு மெலிந்த கார்பன் டை ஆக்சைடு. வாயு வழியே மின்சாரம் பாய இதைவிட வசதியான அழுத்தம் கிடையாது. சில நூறு வோல்ட்டிலேயே பொறி பறக்க வாய்ப்பிருப்பதால், நிலவுக்கு வடிவமைத்த மின்னழுத்தத்தை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது.

தூசியைவிட நயமாகக் கையாள வேண்டியது குளிர்காலம். இரண்டு ரோவர்களும் செவ்வாயின் தென் பாதியில் இறங்கியவை. தென்பாதிக் குளிர்காலம், கோள் சூரியனிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் சமயத்தோடு ஒட்டி வரும். அடி மேல் அடி. ஆப்பர்சூனிட்டி நிலநடுக்கோட்டிலிருந்து 2 டிகிரியில் இருந்ததால் பிழைத்தது; ஸ்பிரிட் இருந்த குசெவ் பள்ளம் 14.6 டிகிரி தெற்கு. குளிர்கால உச்சத்தில் சூரியன் 25.2 டிகிரி வடக்கில் நிற்கும். ஆக நண்பகலில்கூட ஒளி பேனலில் 39.8 டிகிரி சாய்வாகத்தான் விழும். அதன் கொசைன் 0.77. வண்டியையே வடக்கு நோக்கி 30 டிகிரி சரிவுள்ள மேட்டில் நிறுத்தினால் சாய்வு 9.8 டிகிரி ஆகும், கொசைன் 0.985. ஒரு கிராம் எடையும் கூட்டாமல் நேரடி ஒளியில் 28 சதவீதம் லாபம்.

2008 குளிர்காலத்தில் ஸ்பிரிட் 'ஹோம் பிளேட்' மேட்டின் வடக்கு விளிம்பில் ஏறக்குறைய அந்தச் சரிவில்தான் ஒண்டிக் கிடந்தது. அப்படியிருந்தும் அந்த நவம்பரில் ஒரு தூசிப் புயல் வந்தபோது ஒரு சோலுக்கு 89 வாட்-மணிவரை இறங்கியது. ஆப்பர்சூனிட்டியும் 2012இல் 'கிரீலி ஹேவன்' என்ற இடத்தில் 15 டிகிரி வடக்குச் சரிவில் குளிர்காலத்தைக் கழித்தது. நகர்ந்துகொண்டே இருக்க வேண்டிய குளிர்காலங்களில், வடக்குச் சரிவுகளை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துக்கொண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவார்கள். அந்த இடங்களுக்குக் குழுவினர் வைத்த பெயர் 'அல்லி இலை'. ஆங்கிலத்தில் சொன்னாலும் தவளை ஞாபகம்தான் வரும்.

ஸ்பிரிட்டின் முடிவு இதே கணக்கின் மறுபக்கம். 2006இலேயே முன் வலது சக்கரம் நின்றுபோய், அதை இழுத்துக்கொண்டு பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்த வண்டி, 2009 மேயில் 'டிராய்' என்ற இடத்தில் மேலோடு உடைந்து இளமணலில் புதைந்தது. வெளியே எடுக்கும் முயற்சியில் பின் வலது சக்கரமும் போனது. புதைந்ததுகூடப் பரவாயில்லை, நிலையான ஆய்வகமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது தெற்கு நோக்கிச் சாய்ந்து நின்றது. மேலே சொன்ன கணக்கில் 10 டிகிரி தெற்குச் சாய்வைப் போட்டுப் பாருங்கள்: 49.8 டிகிரி, கொசைன் 0.645. நல்ல சரிவில் நின்றிருந்தால் கிடைத்திருக்கும் நண்பகல் ஒளியில் மூன்றில் இரண்டு பங்குதான். குளிர்காலம் வருமுன் சில டிகிரியாவது திருப்ப முடியுமா என்று கடைசிவரை சக்கரத்தை அசைத்துக்கொண்டிருந்தார்கள். 2010 மார்ச் 22க்குப் பிறகு பேச்சில்லை.

புயலில் டௌ என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேரடிச் சூரிய ஒளி டௌவுக்கு ஏற்ப அடுக்குக்குறியாகக் குறையும். டௌ 1 என்றால் தலைக்கு நேர் சூரியனிலிருந்து 37 சதவீதம்தான் நேராக வரும். டௌ 5 என்றால் 0.7 சதவீதம். ஆனால் தூசி ஒளியை விழுங்குவதைவிடச் சிதறடிப்பதே அதிகம். வானம் முழுவதும் மங்கலாக ஒளிரும், அது பேனலுக்குக் கிடைக்கும். அதனால்தான் 2007இல் டௌ 5ஐத் தொட்டபோதும் புதிய பேனலின் ஏழில் ஒரு பங்கு மின்சாரமாவது வந்தது. 2018இல் அதுவும் எடுபடவில்லை. மே மாதக் கடைசியில் தொடங்கிய புயல் கோளையே மூடியது. ஜூன் 10 அன்று வந்த கடைசிச் செய்தியில் டௌ 10.8, மின்சாரம் 22 வாட்-மணி. புயலுக்கு முன் அது 645 ஆக இருந்தது.

அதன் பின் ரோவருக்குள் மூன்று பிழைநிலைகள் அடுத்தடுத்து வந்திருக்கும் என்று குழு கணித்தது. முதலாவது குறைமின் பிழை: பேட்டரி மின்னழுத்தம் வரம்புக்குக் கீழே போனதும் கடிகாரம் தவிர எல்லாம் அணையும். இரண்டாவது கடிகாரப் பிழை: அந்தக் கடிகாரத்துக்கும் மின்சாரம் இல்லாமல் போனால் மணி என்னவென்றே ரோவருக்குத் தெரியாது, பேனலில் வரும் மின்னோட்டத்தை வைத்துத்தான் பகலென்று ஊகித்து எழ வேண்டும். மூன்றாவது, நீண்ட நாள் பூமியிலிருந்து கட்டளை வராததால் தன் ரேடியோவே பழுது என்று எண்ணி மாற்று வழிகளை முயலும் நிலை. புயலில் தூசிப் போர்வை இரவுக் குளிரைக் குறைக்கும் என்பதால் உயிர் பிழைத்திருக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. ஆனால் பேட்டரி காலியான ரோவர் ஆழ்துயிலுக்குத் தானாகப் போகாது. முதல் நாள் சிக்கிய அந்தத் தோள் ஹீட்டர், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த மின்சாரத்தையும் இரவில் வடித்திருக்க வேண்டும் என்பது நியாயமான ஊகம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளைகள் அனுப்பியும் பதிலில்லாமல், 2019 பிப்ரவரி 13 அன்று முடித்துக்கொண்டார்கள். ஓடிய தூரம் 45.16 கிலோமீட்டர். பேட்டரி அதுவரை 5,000 தடவைக்கு மேல் ஏறி இறங்கியும் கொள்ளளவில் 85 சதவீதத்தை வைத்திருந்தது.

கடிகாரப் பிழையிலிருந்து மீண்டதற்கும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. பெர்சிவரன்ஸ் ரோவரோடு செவ்வாய்க்குப் போன 1.8 கிலோ எடையுள்ள இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டர், ஐந்து முறை பறக்கத் திட்டமிட்டு 72 முறை பறந்தது. அதன் மின்சாரத்தில் பெரும்பகுதி பறப்பதற்குப் போகவில்லை, இரவுச் சூட்டுக்குப் போனது. 2022 மே மாதம், குளிர்காலமும் தூசியும் சேர்ந்து, ஓர் இரவில் பேட்டரி தீர்ந்து கடிகாரம் அழிந்தது. காலையில் வெயில் பட்டு எழுந்தபோது அதன் மணிக்கும் பெர்சிவரன்ஸ் ரோவரின் மணிக்கும் பொருத்தமில்லை. அது பேசும் நேரத்தில் ரோவர் கேட்கவில்லை. ரோவரை ஒரு சோல் முழுவதும் வேறு வேலை இல்லாமல் காதுகொடுத்திருக்கச் சொல்லித் தொடர்பைப் பிடித்தார்கள். பிறகு ஹீட்டர் தொடங்கும் வரம்பை −15 டிகிரியிலிருந்து −40க்கு இறக்கினார்கள். பாகங்கள் உறையும் அபாயத்தை ஏற்று, பேட்டரியை மிச்சப்படுத்தும் பேரம். அதன்பின் 2024 ஜனவரிவரை பறந்தது.

கதிரியக்க ஹீட்டர் இல்லாமலே சமாளிக்க முயன்றது சீனாவின் செவ்வாய் ரோவர் ஜூரொங். மேல்தளத்தில் இரண்டு வட்ட ஜன்னல்கள், அவற்றின் கீழே அன்டெக்கேன் என்ற ஹைட்ரோகார்பன் அடைத்த கலன்கள். அது −26 டிகிரி அளவில் உருகும். பகல் வெயிலில் உருகி வெப்பத்தைச் சேமிக்கும், இரவில் உறைந்து அதைத் திருப்பிக் கொடுக்கும். மின்சாரமே தேவையில்லை, அழகான ஏற்பாடு. ஆனால் பகலில் வெயில் வந்தால்தான் இதுவும் வேலை செய்யும். 2022 மே 18 அன்று உறக்கத்தில் வைத்தார்கள். பேட்டரி −15 டிகிரிக்கு மேலும், மின்னுற்பத்தி 140 வாட்டுக்கு மேலும் இருந்தால் தானே எழும்படி ஏற்பாடு. டிசம்பரில் எழ வேண்டியது எழவில்லை.

நிலவில் கணக்கு இன்னும் கொடூரம். அங்கே ஓர் இரவு 354 மணி நேரம். 10 வாட் சூடு மட்டும் பேட்டரியிலிருந்து கொடுப்பதாக வைத்தால் 3,540 வாட்-மணி. கிலோவுக்கு 150 வாட்-மணி என்று தாராளமாக எடுத்தாலும் 24 கிலோ பேட்டரி. சந்திரயான்-3இன் பிரக்யான் ரோவரின் மொத்த எடையே 26 கிலோ! விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் தலைமையில் நடந்த அந்தத் திட்டம் ஒரு நிலவுப் பகலுக்கென்றே வடிவமைத்தது. 2023 செப்டம்பர் 22 வாக்கில் எழுப்பிப் பார்த்தபோது பதில் வராததில் வியப்பில்லை. சோவியத்தின் லூனகோட் 1970இலேயே பொலோனியம்-210 ஹீட்டரோடு போய்ப் பத்து மாதம் வாழ்ந்தது. அதன் பேனல் மூடியின் உட்புறத்தில் இருந்தது, இரவில் மூடிக்கொண்டால் போர்வையாகிவிடும்.

நீங்களே ஒரு ரோவர் வடிவமைத்துப் பார்ப்பதாக இருந்தால், முதல் நாளின் 900 வாட்-மணியை வைத்துத் தொடங்காதீர்கள். மிக மோசமான சோலிலிருந்து பின்னோக்கி வாருங்கள். உதாரணத்துக்கு, தூசிக் காரணி 0.55, குளிர்காலமும் தொலைவும் சேர்ந்து 0.65 என்று வைத்தால் 900 × 0.55 × 0.65 = 322 வாட்-மணி. இதிலிருந்து முதலில் இரவுச் சூட்டைக் கழியுங்கள், பிறகு தினமும் ஒருமுறையாவது பேசும் ரேடியோ, பிறகு கம்ப்யூட்டர் விழிக்கும் நேரம். மிச்சம் எதிர்மறையாக வந்தால் பேனலைப் பெரிதாக்குமுன் காப்பைத் தடிப்பாக்கிப் பாருங்கள், அதுதான் மலிவு. கடிகாரம் அழிந்தபின் எப்படி எழுவது என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு ஹீட்டர் சுற்றிலும், சுவிட்ச் 'ஆன்' நிலையில் சிக்கினால் அதை வேறு வழியில் துண்டிக்க இன்னொரு சுவிட்ச் தொடரில் இருக்கட்டும்.

"இத்தனை அவஸ்தைக்கு அணுமின்கலமே வைத்துவிடலாமே" என்று அடுத்து கேட்பீர்கள். நாசாவின் பெரிய ரோவர்களான க்யூரியாசிட்டியும் பெர்சிவரன்ஸும் அதைத்தான் செய்தன. தொடக்கத்தில் 110 வாட், இரவு பகல் பாராமல். ஒரு சோலுக்கு 2,700 வாட்-மணி. கழிவு வெப்பத்தையே குழாய்களில் சுற்றவிட்டு உடம்பைச் சூடாக வைத்துக்கொள்கின்றன. ஆனால் அந்த மின்கலத்தின் எடை 45 கிலோ, அதற்குள் 4.8 கிலோ புளூட்டோனியம் டை ஆக்சைடு. ஆப்பர்சூனிட்டி அளவு வண்டியில் மொத்த எடையில் நாலில் ஒரு பங்கை அது தின்றுவிடும், அறிவியல் கருவிகளுக்கு இடமிருக்காது. அந்த அளவு ரோவருக்குச் சோலார் பேனலும், ஒரு கைப்பிடி கதிரியக்க ஹீட்டர்களும், நல்ல வடக்குச் சரிவும்தான் இன்றைக்கும் சரியான தேர்வு.